பாட்டியின் ஜோபாவியைத் துவைக்காதீர்கள்

கொரிய வீடுகளில் பழைய பெட்டியைத் திறந்து பாட்டியின் குளிர்காலத் தலையணியைக் கண்டெடுப்பவர்கள், பெரும்பாலும் முதலில் அதைத் தண்ணீரில் நனைக்கிறார்கள். அப்புறம்தான் என்னைப் போன்ற துணிப் பாதுகாப்பாளரைத் தேடி வருகிறார்கள். அதற்குள் பாதி சேதம் முடிந்திருக்கும். சோப்பு மென்மையானதுதானே என்பார்கள். சோப்பை விடுங்கள், இங்கே வெறும் தண்ணீரே ஆபத்து.

முதலில் உங்கள் கையில் இருப்பது எது என்று தெரிய வேண்டும். கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் பிற்பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் பெண்களிடையே பரவியது ஜோபாவி. உச்சி திறந்திருக்கும், நெற்றியையும் காதுகளையும் மூடும். காதுக்கு மேல் வரும் பகுதி உருண்டு உள்பக்கமாக வளைந்து கன்னத்தோடு ஒட்டிக்கொள்வதால் காற்று நுழையாது. தைப்பதில் கெட்டிக்காரத்தனம் முழுக்க அந்த வளைவில்தான் இருக்கிறது. வெளியே பெரும்பாலும் கறுப்புப் பட்டு, உள்ளே பருத்தியோ பட்டோ. அதற்கு முந்தையது ஆயம்: காதை மூடாது, விளிம்பில் ரோமத் தோல் இருக்கும், பின்னால் அகலமான பட்டு நாடா நீளமாகத் தொங்கும். நம்பாவியை ஆண்களும் அணிந்தார்கள். அது நெற்றி, காது, பிடரி மூன்றையும் மூடும், ஓரமெங்கும் ரோமம். அதோடு கன்னத்தை மறைக்கும் மடல்களும் சேர்ந்தால் புங்சா.

இந்தக் குளிரில் உச்சியை ஏன் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரேயொரு காரணம் சொல்ல முடியாது, ஆனால் கூந்தலை மறந்துவிட்டு இவற்றைப் புரிந்துகொள்ள முடியாது. பெண்கள் தலையில் ஏற்றிய கனமான சவுரிக் கொண்டைகளை மன்னர் யொங்ஜோ 1756இல் தடை செய்தார். 1788இல் ஜொங்ஜோ மறுபடியும் தடுத்தார். நாளடைவில் கூந்தலை நடுவகிடெடுத்துப் பிடரியில் முடிந்து ஊசி செருகுவதே வழக்கமானது. ஜோபாவியின் பின்பகுதி அந்தக் கொண்டைக்கு இடம் விட்டு மேலேயே நின்றுவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நல்ல ஜோபாவிகளில் ஆயுள், செல்வம், நலம் வேண்டும் எழுத்துகள் தங்க ரேக்கில் பதித்திருக்கும். மரஅச்சில் பசை தடவித் துணியில் ஒற்றி, அதன்மேல் ரேக்கை ஒட்டுவார்கள். பசை, கத்தாளை இன மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்தது. (நம் கடற்கரையில் நெட்டி என்று நல்ல விலைக்குப் போகிற அதே உறுப்புதான்.) நீர் பட்டால் பசை இளகும், ரேக்கு மிதந்து வந்துவிடும். எழுத்து போன இடத்தில் பசையின் தடம் மட்டும் பழுப்பாக நிற்கும். மறுபடி தங்கம் ஒட்டினாலும் அது வேறொரு தொப்பிதான். குஞ்சங்களின் சிவப்பும் நீலமும் தொடக்ககாலச் செயற்கைச் சாயமாக இருந்தால் ஒரே நனைப்பில் கறுப்புப் பட்டிலும் உள்துணியிலும் இறங்கிவிடும். முன்னும் பின்னும் கோத்த பவளமும் முத்தும் சுண்ணாம்புப் பொருள்கள். வினிகரோ எலுமிச்சையோ தொட்டால் அரிக்கும். அம்பர் மணியை ஸ்பிரிட்டால் துடைத்தால் மங்கிப்போகும்.

ரோமம் வைத்தவை இன்னும் மோசம். படிகாரத்தில் பதப்படுத்திய தோலை நனைத்தால் படிகாரம் கரைந்து வெளியேறிவிடும், காய்ந்ததும் தோல் அட்டையாகிவிடும். ஒரு சலவைக் கடை திருப்பித் தந்த நம்பாவி என் மேசைக்கு வந்தது. பட்டு பளபளவென்று இருந்தது. ஓரத்தைத் தொட்டால் ரோமம் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. வீட்டுக்காரர்களுக்கு அது புரியவே நேரமாயிற்று, ஏனென்றால் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

அழுக்கு என்று நினைப்பதெல்லாம் அழுக்கும் அல்ல. நெற்றிப் பட்டையின் உட்புறக் கறை பெரும்பாலும் கூந்தலுக்குத் தடவிய எண்ணெய். கொரியப் பெண்கள் கமேலியா விதை எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். யார், எந்தப் பக்கமாகச் சாய்த்து, எத்தனை காலம் அணிந்தார் என்பதை அந்தக் கறையும் நைந்த நாடாவும்தான் காட்டும். நான் அதைத் தொடுவதில்லை. தூசியை மட்டும் மென்மையான தூரிகையால் தள்ளி, தூசி உறிஞ்சும் கருவியின் வலை கட்டிய குழாயால் குறைந்த இழுப்பில் எடுப்பேன். வீட்டில் செய்வதானால் தூரிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் ரேக்கு இல்லாத இடத்தில்.

பழம்பொருள் கடையில் வாங்கிய ரோமத் தொப்பி என்றால் கையுறை இல்லாமல் எடுக்காதீர்கள். சேகரிப்புகளில் இருந்த ரோமப் பொருள்களுக்குப் பூச்சி வராமலிருக்க ஆர்சனிக் பூசும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

வைப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மடிக்கக் கூடாது, அமிலமில்லாத காகிதத்தைச் சுருட்டி உள்ளே தலையின் வடிவம் கொடுத்து, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஜூன் கடைசியில் தொடங்கும் கொரிய மழைக்காலத்தில் அதைக் காப்பது கஷ்டம்தான். சுவரில் சட்டமிட்டு மாட்ட ஆசைப்பட்டால் வெயில் படாத சுவராக இருக்கட்டும். அருங்காட்சியகங்களே பழந்துணிக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளிதான் தருகின்றன. பூச்சி தெரிந்தால் உறையில் இட்டு இறுக மூடிப் பிரித்து வையுங்கள். பூச்சியைக் கொல்ல ஃப்ரீசரில் வைப்பது சாதாரண கம்பளிக்குச் சரி, மணியும் அம்பரும் சேர்ந்த தலையணிக்கு வேண்டாம்.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தேன். கொரியாவில் மணம் முடித்த தமிழ்ப் பெண் ஒருவர், மாமியார் வீட்டு ஜோபாவியை மகளின் முதல் பிறந்தநாள் விழாவுக்கு அணிவிக்கலாமா என்று கேட்டார். பெட்டியைத் திறந்ததுமே அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. நாப்தலீன் உருண்டையோடு வைத்த துணியைக் குழந்தைக்கு அணிவித்தால், ஜி6பிடி என்ற, சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். மஞ்சள் காமாலையும் கடும் ரத்தசோகையும் வந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. இந்தக் குறைபாடு கொரியர்களிடம் அரிது, இந்தியர்களிடம் அவ்வளவு அரிதல்ல. குழந்தைக்கு இருப்பது பலருக்குத் தெரியவும் தெரியாது. நம் வீட்டுப் பட்டுப்பாவாடைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். வெயில் பட்டுத் துணியையும் கெடுக்கும்.

விழாவுக்குப் புதிதாகத் தைத்த ஜோபாவி, ஹன்போக் எனும் கொரியப் பாரம்பரிய உடை விற்கும் கடைகளில் வாடகைக்கே கிடைக்கிறது என்று சொன்னேன். பழையதைப் பெட்டியோடு படம் எடுத்து விழா ஆல்பத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.