மிளகாய் எரிச்சலுக்குத் தண்ணீர் ஏன் போதாது?

மிளகாய் நறுக்கிய கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தியபடியே எங்கள் அவசரப் பிரிவுக்குச் சிலர் வருவதுண்டு. "வெளியே எடுத்தால் தீயில் வைத்தது போல இருக்கிறது, டாக்டர்" என்பார்கள். பார்த்தால் கொப்புளம்கூட இருக்காது, லேசாகச் சிவந்திருக்கும். "இதற்கா இத்தனை அழுகை?" என்று உடன் வந்தவர் கடிந்துகொள்ளும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வலி முழுக்க உண்மை.

சூட்டை உணர்வதற்காக நம் நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொண்டு, 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள் அதே புரதத்தில் ஒட்டி, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. மூளையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே செய்திதான். 1997இல் இப்புரதத்தை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏற்கெனவே தூண்டப்பட்ட புரதம் இளஞ்சூட்டுக்கே திறந்துவிடும் என்பதால், எரியும் கையில் வெந்நீர் படவே கூடாது.

கேப்சைசின் கொழுப்பில் கரையும். தண்ணீரில் கரைவது அரிது. குளிர்ந்த நீர் வலியைச் சற்று மறக்கடிக்குமே தவிர, கேப்சைசினை அகற்றாது. முதலில் சமையல் எண்ணெயை நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகக்கண்களை விட்டுவிடாதீர்கள். காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் கேப்சைசின் உருவாவது விதைகளைத் தாங்கும் வெளிர்நிறச் சதையில். அதை நகத்தால் கிள்ளி எடுப்பவர்களுக்குத்தான் எரிச்சல் நீடிக்கிறது. வாய் எரிந்தால் பால் குடியுங்கள். அதிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது கண். மிளகாய் நறுக்கிச் சில மணி நேரம் கழித்து, நினைவில்லாமல் கான்டாக்ட் லென்ஸைத் தொடுகிறார்கள். கண்ணில் எண்ணெயோ பாலோ ஊற்றவே கூடாது. மிளகாயைத் தொடாத ஒருவரின் சுத்தமான கையால் லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். சுத்தமான நீர் பதினைந்து நிமிடம் கண்ணில் மெல்ல ஓடட்டும். அந்த லென்ஸை மறுபடி அணியாதீர்கள். அதன்பின்னும் வலியோ பார்வை மங்கலோ இருந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.