கவுன்சிலர் போன் போட்டால் எஃப்.ஐ.ஆர். வராது: நீலகிரியில் புகார் கொடுப்போருக்கு

ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை என்றால் நம் மலையில் எல்லோரும் நேராகப் போவது கவுன்சிலர் வீட்டுக்கு. அவரும் ஒரு போன் போடுவார். "பார்க்கிறேன்" என்று அந்தப் பக்கம் பதில் வரும். அவ்வளவுதான். கவுன்சிலருக்கோ, ஊராட்சித் தலைவருக்கோ, எம்.எல்.ஏ.வுக்கோ இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு போடும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அதைக் கேள்வி கேட்கும் இடம் சென்னையில், சட்டமன்றத்தில். கிராமப்புறத்தில் நிலைமை இன்னும் மோசம். நீலகிரியின் 35 ஊராட்சிகளிலும் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

போனால் பலன் இல்லை என்பதோடு போகவில்லை, பல சமயம் கெடுதலும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரை, வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அடித்துவிட்டார். போன் போனது, இரண்டு தரப்பையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், கொஞ்சம் பணம் கைமாறியது, "இனி பிரச்சினை செய்ய மாட்டேன்" என்று அடிவாங்கியவரிடமே எழுதி வாங்கினார்கள்! இதற்குப் பெயர் சமாதானமாம். யார் சிபாரிசுக்குப் போவதானாலும், முதலில் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு அப்புறம் போங்கள்.

புகார் கொடுத்ததும் கையில் ஒரு ரசீது தருவார்கள். பெரும்பாலும் அது சி.எஸ்.ஆர்., அதாவது மனு வாங்கியதற்கான சீட்டு. அது எஃப்.ஐ.ஆர். இல்லை. அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வழக்கு நடக்கிறது என்று மாதக்கணக்கில் நம்பியிருப்பவர்கள் ஏராளம். எஃப்.ஐ.ஆர். என்றால் அதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இருக்கும், நகலையும் இலவசமாகத் தர வேண்டும். "ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்" என்றால் மறுநாளும் போய்க் கேளுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் அடிக்கடி கேட்கும் பதில், "இது எங்க லிமிட் இல்லை." 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். அதே பிரிவில் இன்னொரு பொறி இருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். அந்த 14 நாளைக் காட்டியே காலத்தை ஓட்டுவார்கள். அனுமதி வாங்கிய தேதி என்ன என்று கேளுங்கள்.

சரி, வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். அப்போது புகாரை எழுதி எஸ்.பி.க்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் தபாலில் அனுப்ப வேண்டும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போவதும் முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குப் போன் செய்வதும் தவறில்லை. ஆனால் அந்த மனுக்கள் சுற்றிச் சுற்றி, யார் மேல் புகாரோ அந்த ஸ்டேஷன் மேசைக்கே வந்துவிடுகின்றன. "மனுதாரரை விசாரித்து முடித்து வைக்கப்பட்டது" என்று ஒரு வரியில் பதிலும் வரும். சட்டப்படி கணக்கில் வருவது எஸ்.பி.க்குப் போன தபால்தான். அவரும் அசையவில்லை என்றால் அடுத்த படி மாஜிஸ்திரேட் கோர்ட். அங்கே தபால் ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

இனி, எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் உண்மையிலேயே பயன்படும் ஓர் இடம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் 17-வது விதிப்படி மாவட்டத்தில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கலெக்டர் தலைவர், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், எஸ்.பி. எல்லோரும் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடி, வழக்குகளையும் நிவாரணத்தையும் போலீஸின் வேலையையும் பார்க்க வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் மாவட்டத்தில் இந்தக் குழு இருப்பதே பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரியாது. ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு, அதற்கு முன்பே உங்கள் எஃப்.ஐ.ஆர். எண்ணோடு, அது இல்லையென்றால் தபால் ரசீதின் நகலோடு, எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுங்கள். போன் போடச் சொல்லாதீர்கள், குழுவில் பேசச் சொல்லுங்கள்.

இந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தாது. அடித்தவரும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாக இருந்தால் இது வராது, சாதாரண வழக்குத்தான். படுகர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் பாதிக்கப்பட்டவர் படுகராக இருந்தாலும் வராது. பலர் சிக்கிக்கொள்வது சாதிச் சான்றிதழ் விஷயத்தில். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில், எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. "சர்டிபிகேட் கொண்டு வா, அப்புறம் கேஸ்" என்று ஸ்டேஷனில் சொன்னால் நம்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட அது தேவையில்லை. இதே சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி இந்த வழக்குகளுக்கு முதல்கட்ட விசாரணையும் தேவையில்லை. நிவாரணத் தொகை வாங்கப் போகும்போது சான்றிதழ் கேட்பார்கள். அதனால் புகார் கொடுத்த வாரமே தாலுகா ஆபீஸில் விண்ணப்பித்துவிடுங்கள்.

போலீஸ்காரர் மேலேயே புகார் என்றால் மாவட்டப் புகார் ஆணையம் என்று ஒன்று உண்டு. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியைத் தலைவராக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டம் கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யையும் உறுப்பினராக உட்கார வைத்தது. அதையே நம்பி இருக்காமல் கோர்ட் வழியையும் சேர்த்தே பாருங்கள்.

கடைசியாக, விசாரணை என்று சொல்லி நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்களா? சாட்சி சொல்பவர் பெண்ணாகவோ, 60 வயதைத் தாண்டியவராகவோ, உடல் ஊனமுற்றவராகவோ இருந்தால், அவர் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். முன்பு சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு இது. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் தெரிந்தவர்களிடம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் பேசும் விதமே வேறு.