உறைக்குள் எவ்வளவு?

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை ஒன்று உண்டு. சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கணக்குப் புத்தகத்தோடு அங்கே வந்து உட்காருவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பேன். தீபாவளிக்கு அடுத்த வாரம், தொடக்கநிலை 5 படிக்கும் சிறுமி ஒருத்தி இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாள்:

அக்காவிடம் தம்பியிடம் உள்ளதைப்போல் மூன்று மடங்கு பணம் இருந்தது. அக்கா தம்பிக்கு 12 வெள்ளி கொடுத்ததும் இருவரிடமும் ஒரே தொகை இருந்தது. இருவரிடமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

12 × 3 என்று எழுதினாள், அழித்தாள். 12 ÷ 3 என்று எழுதினாள், அதையும் அழித்தாள். அழித்த இடத்தில் தாள் நைந்து பஞ்சுபோல எழும்பிவிட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது ஆன்டி" என்றாள்.

வாய்பாடு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வகுத்தலிலும் தடுமாற மாட்டாள். ஆனாலும் இரண்டே நிமிடத்தில் "வராது" என்று சொல்லிவிட்டாள். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், அவளை எப்படி அதிலிருந்து வெளியே கொண்டுவருவது என்பதும் புரிந்துவிடும்.

ஒரு தகவலை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே அதைக் கொண்டு வேலை செய்யும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். இது மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்களைத்தான் அது தாங்கும் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் எடுத்துக்காட்டினார். இப்போது அந்தக் கணக்கைப் பாருங்கள். மூன்று மடங்கு என்பது ஒன்று. 12 வெள்ளி கைமாறியது இரண்டு. பிறகு சமமானது மூன்று. கேட்பது மொத்தத் தொகை என்பது நான்கு. கூட்டல் கழித்தல் தொடங்குவதற்கு முன்பே இடம் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் "தப்பாப் போயிடுமோ" என்ற பயமும் உள்ளே வந்தால் என்ன ஆகும்?

அந்தப் பயம் வெறும் உணர்ச்சியாக நின்றுவிடுவதில்லை. கணக்குக்கு வேண்டிய அதே இடத்தை அதுவும் பிடித்துக்கொள்கிறது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001இல் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. சில எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டே மனக்கணக்காகக் கூட்டவேண்டும். கணிதப் பதற்றம் அதிகம் உள்ளவர்கள், மீதியை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கூட்டல் வந்ததும் மற்றவர்களைவிட அதிகமாகத் தடுமாறினார்கள். மீதியைப் பிடித்துவைக்க அவர்களிடம் இடம் மிச்சமில்லை.

இன்னொரு முடிவு என்னை மிகவும் பாதித்தது. முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், செயல்நினைவு நன்றாக உள்ள பிள்ளைகளைத்தான் பதற்றம் அதிகமாகக் கீழே தள்ளுவது தெரிந்தது. அவர்கள்தாம் மனதில் பலவற்றைப் பிடித்துவைத்து யோசிக்கும் வழிகளை நம்பி இருப்பவர்கள். பதற்றம் அந்த வழியைத்தான் அடைக்கிறது. "புத்திசாலிப் பிள்ளை, ஆனா கணக்குன்னா மட்டும் பயம்" என்று தாய்மார்கள் சொல்வதை இனிமேல் யாரும் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது.

ஆகவே, முதலில் மனதில் இருக்கும் பாரத்தை வெளியே இறக்கிவைக்க வேண்டும். அன்று என் பையில் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் பணம் வைத்துக் கொடுத்ததுபோக மிஞ்சிய வெற்று உறைகள் இருந்தன. நான்கை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஒவ்வொரு உறையிலும் ஒரே அளவு பணம் இருக்குன்னு வச்சுக்கோம்மா. எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. தம்பிக்கு ஒண்ணு. அக்காவுக்கு?"

"மூணு." அவளே மூன்றையும் தன் பக்கம் இழுத்து அடுக்கினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்காகிட்ட ரெண்டு உறை கூட இருக்கு. அப்போ ரெண்டு உறை 12 வெள்ளி. ஒரு உறை 6. மொத்தம் 24!" என்றாள்.

விடை தவறு. நான் அதைச் சொல்லவில்லை. "சரி, கதையை நடத்திப் பாரு" என்றேன். அக்காவிடம் 18, தம்பியிடம் 6. அக்கா 12 கொடுக்கிறாள். அக்காவிடம் 6, தம்பியிடம் 18. சிறுமி கண்ணை விரித்தாள். "ஐயோ, இப்ப தம்பி பணக்காரன் ஆயிட்டான்!"

இந்தத் தவற்றைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் முழுவதையும் கொடுத்துவிட்டால் நிலைமை அப்படியே தலைகீழாகிவிடும். சமமாக வேண்டுமென்றால் வித்தியாசத்தில் பாதியைத்தான் கொடுக்கவேண்டும். இதை நான் சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், அவ்வளவுதான். அவளோ ஒரே ஓர் உறையை எடுத்துத் தம்பி பக்கம் நகர்த்தினாள். இங்கே இரண்டு, அங்கே இரண்டு. நகர்ந்தது ஒன்றுதான். "ஒரு உறைதான் 12! மொத்தம் 48!" பிறகு யாரும் சொல்லாமலே சரிபார்த்தாள். 36, 12, கொடுத்த பிறகு 24, 24.

உறைகளை எடுத்துவிட்டு, அதையே நோட்டில் மூன்று கட்டமும் ஒரு கட்டமுமாக வரையச் சொன்னேன். பள்ளியில் பிள்ளைகள் "மாடல் போடுறது" என்று சொல்வது இதைத்தான். அடுத்த வருடம், தொடக்கநிலை 6இல் அந்தக் கட்டத்துக்குப் பதிலாக ஓர் எழுத்து வரும். முதலில் கையில் தொடும் பொருள், அடுத்து படம், கடைசியில் குறியீடு. ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்த இந்த வரிசைதான் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக் கணிதத்தின் முதுகெலும்பு. 1980இல் அமைக்கப்பட்ட பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு, சொற்கணக்குகளில் பிள்ளைகள் திணறுவதைக் கண்டு, கட்டம் வரையும் முறையைப் பாடநூல்களுக்குள் கொண்டுவந்தது. சிங்கப்பூர்க் கணிதம் என்று இன்று வெளிநாடுகளில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கட்டம்தான்.

கட்டம் செய்யும் வேலை எளிது. நான்கு விஷயங்களையும் தாள் பிடித்துக்கொள்கிறது. மூளைக்கு யோசிக்க இடம் கிடைக்கிறது. ஆனால் "இந்த மாதிரிக் கணக்கு வந்தா இந்த மாதிரிக் கட்டம்" என்று வகை பிரித்து மனப்பாடம் செய்யவைத்தால் இந்தப் பயன் முழுவதும் போய்விடும். அப்போது கட்டமும் நினைவில் சுமக்க வேண்டிய இன்னொரு பாரம் ஆகிறது. துணைப்பாடத் தாள்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

தவறான அந்த 24க்கு வருகிறேன். அது வீண் போகவில்லை என்று சொல்வதற்கு ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. மனு கபூர் என்ற ஆய்வாளர் சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியபோது உயர்நிலை மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். சில காற்பந்து வீரர்கள் ஆண்டுவாரியாகப் போட்ட கோல்களைக் கொடுத்து, யார் ஆட்டத்தில் ஏற்றத்தாழ்வு குறைவு என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அதற்குரிய சூத்திரம் அவர்களுக்கு இன்னும் கற்பிக்கப்படவில்லை. ஒரு பிரிவு தானே முட்டிமோதி, பல வழிகளில் முயன்று, சரியான சூத்திரத்தை எட்டாமல் நின்றது. அதன் பிறகுதான் ஆசிரியர் பாடம் நடத்தினார். இன்னொரு பிரிவுக்கு முதலிலேயே பாடம், பிறகு பயிற்சி. சூத்திரத்தைப் போட்டு விடை காண்பதில் இரு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனால் அது ஏன் அப்படி என்று விளக்குவதிலும் புதுக் கணக்குக்கு அதைப் பொருத்துவதிலும் முதலில் தடுமாறிய பிரிவே முன்னால் நின்றது. இதைப் 'பயன்தரும் தோல்வி' என்கிறார் கபூர். அந்தத் தடுமாற்றத்துக்குப் பின்னால் ஆசிரியர் வந்து முடிச்சை அவிழ்த்துத் தரவேண்டும் என்பது இதில் முக்கியம். பிள்ளையை இருட்டில் விட்டுவிட்டுப் போவதற்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

தன்னம்பிக்கையும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. "நீ கெட்டிக்காரி" என்று நூறுமுறை சொல்வதைவிட, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவமே ஒருவருக்குத் தன்மேல் வலுவான நம்பிக்கையைத் தரும் என்று ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே எழுதினார். 48 என்ற விடையைவிட, அது சரிதானா என்று யாரையும் கேட்காமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தது அந்தச் சிறுமிக்குப் பெரிது. நம் கல்வி அமைச்சு 1990இல் வகுத்த ஐங்கோணப் பாடத்திட்டத்திலும் இது உண்டு. நடுவில் கணக்குத் தீர்த்தல். அதைச் சுற்றி ஐந்து பக்கங்கள். கருத்து, திறன், செயல்முறை ஆகிய மூன்றோடு மனப்பான்மைக்கு ஒரு பக்கம், தன் சிந்தனையைத் தானே கவனிப்பதற்கு ஒரு பக்கம். படத்தில் ஐந்துக்கும் ஒரே நீளம்.

நடைமுறையில் அந்த இரண்டு பக்கங்களும் குறுகிவிடுகின்றன என்பதே என் கவலை. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில் 2022இல் நம் 15 வயது மாணவர்கள் கணிதத்தில் 575 புள்ளி எடுத்து உலகில் முதலிடம் பெற்றார்கள். அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி (OECD) என்ற பொருளாதார அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 472. அதே பீசாவின் 2015 கேள்வித்தாளில், நன்றாகத் தயாராகி இருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று நம் மாணவர்களில் 76 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஓஇசிடி சராசரி 55 விழுக்காடு.

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? அமெரிக்கக் குடும்பங்களில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு எச்சரிக்கையாக இருக்கிறது. கணிதம் என்றாலே பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால், அந்த ஆண்டு முடிவில் பிள்ளை குறைவாகக் கற்றிருந்தது, கூடுதலாகப் பயந்தது. அப்படிப்பட்ட பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை. ஆகவே உங்களுக்குக் கணக்குப் பயம் இருந்தால் தீர்த்துக் காட்ட முயலவேண்டாம், கேளுங்கள். "இது உனக்கு எப்படித் தெரிஞ்சது?" "சரியான்னு எப்படிப் பார்ப்ப?" விடை சரியாக இருக்கும்போதும் இதையே கேளுங்கள். இல்லாவிட்டால், அம்மா கேள்வி கேட்டாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

நான் இன்னொன்றும் செய்வேன். பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில். அந்தக் கணக்கின் கதையைத் தாளைப் பார்க்காமல் தமிழில் சொல்லச் சொல்வேன். அக்கா, தம்பி, யார் யாருக்குக் கொடுத்தது, கடைசியில் என்ன ஆனது என்று சொந்தச் சொல்லில் சொல்லமுடிந்தால் கணக்கு பாதி முடிந்த மாதிரி. எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்களோ அங்கேதான் புரியவில்லை. சில நேரம் தமிழே கணக்கைச் சொல்லிவிடும். காலில் பாதி எவ்வளவு என்று பின்னத்தில் திணறிய பையனிடம் நம் முன்னோர் அதை 'அரைக்கால்' என்றார்கள் என்றேன். அரையும் காலும் பெருக்கிக்கொண்டு நிற்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. எட்டில் ஒன்று என்று அவனே எழுதினான்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமி உறைகளை அவளே கொண்டுவந்தாள். அக்காவிடம் ஐந்து மடங்கு என்று மாற்றி, கைமாறிய பணத்தை 20 வெள்ளியாக்கி, இரண்டு உறை நகர்த்தி, மொத்தம் 60 என்று முடித்தாள். பிறகு நான்கு மடங்கு, 12 வெள்ளி என்று வைத்தாள். அக்கா பக்கம் நான்கு உறை, தம்பி பக்கம் ஒன்று. ஒன்றை நகர்த்தினாள், சமமாகவில்லை. இரண்டாவதையும் நகர்த்தினாள், தம்பிக்குக் கூடிவிட்டது. திரும்ப எடுத்துவைத்தாள். வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

"ஆன்டி, உறையை வெட்டலாமா?"

கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.