கூடாரத்தைத் தின்ற பூஞ்சையும் வைக்கோலில் கிடைக்கும் எரிபொருளும்

ஒரு டன் நெல் வைக்கோலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நாக்கில் இனிக்காது, தண்ணீரில் கரையாது, ஆனாலும் வேதியியல்படி அது சர்க்கரை. மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ், முழுக்க குளுக்கோஸ் கோத்த சங்கிலி. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே ஹெமிசெல்லுலோஸ், அதில் பெரும்பகுதி சைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. மிச்சத்தில் முக்கியமானவை, நார்களை ஒட்டவைத்து விறைப்பாக்கும் லிக்னினும், சுனை பட்டால் உடம்பு அரிக்கக் காரணமான சிலிக்காவும்.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பரில் வயலிலேயே கொளுத்தப்படுவது இதுதான். விவசாயியைத் திட்டிப் பயனில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் வந்த சட்டங்களால் அங்கே நடவு ஜூன் நடுவாக்கில் தள்ளிப்போனது, அதோடு அறுவடையும் தள்ளிப்போனது, இப்போது நெல் அறுத்து கோதுமை விதைப்பதற்குள் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம்தான். அறுவடை இயந்திரம் தாளை நின்றபடியே விட்டுவிட்டுப் போய்விடும், அதை அப்புறப்படுத்தக் கூலியும் நேரமும் வேண்டும், தீக்குச்சிக்கு இரண்டுமே வேண்டாம்.

ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஆலை இந்த வைக்கோலை எத்தனால் என்ற எரிபொருளாக மாற்றத்தான். ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோல் போட்டு 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு 150 லிட்டர். ஆனால் வைக்கோலில் உள்ள செல்லுலோஸ் மொத்தமும் குளுக்கோஸாகி, குளுக்கோஸ் மொத்தமும் எத்தனாலானால் 250 லிட்டர் பக்கம் வரவேண்டும், ஹெமிசெல்லுலோஸையும் சேர்த்தால் இன்னும் கூடும். திட்டக் கணக்கிலேயே இவ்வளவு இடைவெளி ஏன்?

அரிசியும் வைக்கோலும் ஒரே செடி, இரண்டிலும் இருப்பது அதே குளுக்கோஸ், கோத்த விதம்தான் வேறு. அரிசி மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கோக்கப்பட்டிருப்பதால் சங்கிலி சுருள்கிறது, வேகவைத்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும், அப்புறம் நம் எச்சிலே அதை உடைக்கத் தொடங்கிவிடும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் சங்கிலி நேராக நீள்கிறது, நேரான சங்கிலிகள் அருகருகே படுத்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிப் படிகமாகின்றன. தண்ணீர் மூலக்கூறு நுழையக்கூட அந்தப் படிகத்தில் இடமில்லை. குளுக்கோஸைப் புளிக்கவைத்து எத்தனாலாக்கும் நுண்ணுயிரான ஈஸ்டைக் கொண்டுபோய் வைக்கோல் மேல் கொட்டினால் ஒன்றுமே நடக்காது.

இதை உடைக்கத் தெரிந்த பூஞ்சை போர்க்களத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் துணிச் சாமான்களும் ஈரக் காற்றில் மட்கி நைந்துபோயின; பருத்தியும் செல்லுலோஸ்தான். காரணம் தேடி எடுத்த மாதிரிகளில் ஒன்று, சாலமன் தீவுகளில் கிடைத்த, கியூஎம்6ஏ என்று குறியிட்ட பூஞ்சை. ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் இது துணியை எப்படித் தின்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள், நோக்கம் துணியைக் காப்பாற்றுவது. 1970-களில் எண்ணெய் விலை எகிறியபோது அதே ஆராய்ச்சி தலைகீழானது: துணியை உடைக்கும் நொதியைக் கொண்டு பயிர்க்கழிவை ஏன் உடைக்கக்கூடாது? பூஞ்சைக்கு 1977-ல் டிரைக்கோடெர்மா ரீசை என்று ரீஸின் பெயரையே வைத்தார்கள். தொழிற்சாலைகளில் இன்று ஓடும் டிரைக்கோடெர்மா ரீசை ரகங்கள் எல்லாமே அந்த ஒரே மாதிரியின் வாரிசுகள்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. மெல்லிய இழைகளை உணவின் மேல் பரப்பி, நொதிகளை வெளியே கசியவிட்டு, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நொதிகளில் முக்கியமாக மூன்று வகை. எண்டோகுளுக்கனேஸ் சங்கிலியின் நடுவில் கண்ட இடத்தில் வெட்டி, புதிய முனைகளை உண்டாக்கும். அந்த முனையைப் பிடித்துக்கொள்வது செல்லோபயோஹைட்ரோலேஸ், எனக்கு மிகவும் பிடித்த நொதி இதுதான். இதன் உடலுக்குள் சுமார் 5 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது. வேட்டி ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து உருவுவது போல, படிகத்திலிருந்து ஒற்றைச் சங்கிலியை உருவி அந்தச் சுரங்கத்துக்குள் இழுத்து, இரண்டிரண்டு குளுக்கோஸாக நறுக்கிக்கொண்டே முன்னேறும். வழியில் லிக்னினோ வேறு முடிச்சோ குறுக்கிட்டால் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். பூஞ்சை வெளியிடும் புரதத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒன்றேதான். மூன்றாவது பீட்டா குளுக்கோசிடேஸ், அந்த இரட்டைகளைப் பிரித்துத் தனிக் குளுக்கோஸாக்குவது. இது குறைந்தால் இரட்டைகள் தேங்கி, முந்தைய நொதியின் வாசலையே அடைத்துவிடும். டிரைக்கோடெர்மாவுக்கு இந்த மூன்றாவதுதான் பலவீனம், அதனால் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு பூஞ்சையிலிருந்து எடுத்துச் சேர்ப்பது வழக்கம்.

சரி, செல்லுலோஸ் கரையாத பொருள், பூஞ்சையின் இழைக்குள் போகவே போகாது. வெளியே செல்லுலோஸ் கிடக்கிறது என்று பூஞ்சைக்கு எப்படித் தெரியும்? எப்போதும் மிகக் கொஞ்சமாக நொதி கசிந்துகொண்டே இருக்கும். அது செல்லுலோஸில் பட்டால் சில சர்க்கரைத் துணுக்குகள் உதிரும், அவற்றில் கொஞ்சம் சோஃபோரோஸ் என்ற பொருளாக மாறி உள்ளே போகும், உடனே நொதி மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். குளுக்கோஸ் நிறையச் சேர்ந்துவிட்டால், இனி உழைக்கத் தேவையில்லை என்று அதே மரபணுக்கள் அடங்கிவிடும். பூஞ்சைக்கு இது சிக்கனம், ஆலைக்கு நஷ்டம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ரட்-சி30 என்ற ரகத்தில், அவற்றை நிறுத்தச் சொல்லும் இன்னொரு மரபணு பாதியில் அறுந்திருக்கிறது, குளுக்கோஸ் இருந்தாலும் நொதிச் சுரப்பு பெரிதாக அடங்குவதில்லை. அதன் வழியில் மேலும் செம்மைப்படுத்திய ரகங்கள் லிட்டருக்கு 100 கிராம் வரை புரதத்தை வெளியே கொட்டுகின்றன.

இவ்வளவு இருந்தும் நொதியை நேராக வைக்கோலில் ஊற்ற முடியாது, லிக்னின் குறுக்கே நிற்கும். லிக்னினைத் தின்னும் பூஞ்சைகளும் உண்டு. நம் ஊரில் அவித்த வைக்கோலைப் பையில் அடைத்து வளர்க்கிறோமே சிப்பிக் காளான், அதுவே அந்த வகைதான். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும், வேலை செய்யும்போதே சர்க்கரையிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். அவ்வளவு பொறுமை ஆலைக்குக் கிடையாது. நீர்த்த அமிலத்தில் நனைத்து, 160 முதல் 200 டிகிரி நீராவியில் சில நிமிடங்கள் வைத்து, சட்டென்று அழுத்தத்தைத் திறந்துவிட்டால் நார்கள் பிய்ந்து பிரியும். இதற்கும் ஒரு விலை உண்டு: சூட்டில் கொஞ்சம் சர்க்கரை கருகி ஃபர்ஃபியூராலாகும், அது ஈஸ்டுக்கு விஷம்.

பிறகு சூட்டுத் தகராறு. நொதிக்கு 50 டிகிரி வேண்டும், ஈஸ்டுக்கு 30-ஐ ஒட்டி இருந்தால் போதும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் நொதி சோம்பும், தனித்தனியே வைத்தால் குளுக்கோஸ் தேங்கி நொதியைத் தடுக்கும். போதாததற்குச் சாதாரண ஈஸ்டுக்கு சைலோஸைப் புளிக்கவைக்கத் தெரியாது. இங்கேயும் கைகொடுத்தது ஒரு பூஞ்சை, யானை லத்தியிலிருந்து பிரித்தெடுத்த பைரோமைசஸ். அதன் ஒரு மரபணுவை 2003 வாக்கில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஈஸ்டுக்குள் வைத்து, சைலோஸைத் தின்ன வைத்தார்கள்.

அறிவியல் இவ்வளவு தூரம் வந்தும் ஆலைகள் தடுமாறின. இத்தாலியின் கிரெஷென்டீனோவில் 2013-ல் திறந்த ஆலை 2017-ல் நின்று, அப்புறம் கைமாறியது. அமெரிக்காவின் அயோவாவில் டூபாண்ட் 2015-ல் திறந்த சோளத்தட்டை ஆலையும் இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. கழிவு எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும், லாரியில் ஏற்றினால் பாதி காற்றுதான் போகும், கூடவே வரும் மண்ணும் மணலும் இயந்திரத்தை அரிக்கும். அதற்கு மேல் நொதிச் செலவு, மாவுச்சத்தை உடைக்க ஆவதைவிடப் பல மடங்கு.

என் கருத்து, நொதியை வெளியில் வாங்கும்வரை இந்தக் கணக்கு தேறுவது கடினம். வெந்த வைக்கோலில் ஒரு பங்கை ஆலை வளாகத்திலேயே டிரைக்கோடெர்மாவுக்குத் தீனியாகப் போட்டு, ஊறிய சாற்றை வடிகட்டாமல், சுத்திகரிக்காமல், பூஞ்சை இழைகளோடு அப்படியே பக்கத்துத் தொட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். அடர்த்தியாக்கி, கெடாமல் பதப்படுத்தி, ஏற்றி அனுப்பும் செலவு மொத்தமும் மிச்சம். இந்தப் பூஞ்சையின் பீட்டா குளுக்கோசிடேஸில் ஒரு பங்கு இழைச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால், வடிகட்டினால் வீணாகும் அந்த நொதியும் சேர்ந்தே வேலைக்கு வந்துவிடும்.