ஸ்பில்: தலைமைக் கலைப்பு

ஆஸ்திரேலிய அரசியல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் ‘ஸ்பில்’. அகராதியைப் புரட்டினால் சிந்துதல், கொட்டுதல் என்று இருக்கும். கடலில் எண்ணெய் கொட்டினாலும் இதே சொல்தான். அவசரத்தில் யாராவது ‘தலைமைக் கசிவு’ என்று எழுதிவைத்தாலும் ஆச்சரியமில்லை.

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலமான ‘ஸ்பில்லன்’ அழித்தலையும் கொல்லுதலையும் குறித்தது. இரத்தம் சிந்துவது என்ற வழக்கின் வழியாகத்தான் மற்றவை சிந்துவதற்கும் அது வந்து சேர்ந்தது. தலைநகர் கான்பராவில் நடக்கும் கூத்தைப் பார்த்தால் பழைய பொருளே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அரசியல் வழக்கில் அதன் பொருள் குறுகலானது: கட்சித் தலைமைப் பதவி காலி என்று அறிவிப்பது. அவ்வளவுதான். அடுத்து யார் வருவார் என்பது தனிக் கேள்வி.

அங்கே பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆளும் கட்சியின் தலைவரே பிரதமர். லிபரல் கட்சியில் (பெயர்தான் லிபரல், ஆள் வலதுசாரி) அந்தத் தலைவரைத் தேர்வு செய்வது எம்.பி.க்களும் செனட்டர்களும் கூடும் கூட்டம். அங்கே ஒருவர் எழுந்து தீர்மானம் கொண்டுவந்து, அது நிறைவேறிவிட்டால் நாற்காலி காலி.

இதன் எல்லா ருசியையும் பார்த்தவர் முன்னாள் பிரதமர் டோனி அபாட். பாதிரியார் ஆகப் படித்து, பாதியில் விட்டு, பத்திரிகையாளராகி, பிரிட்டிஷ் முடியாட்சி நீடிக்க வேண்டும் என்று வாதாடிய அமைப்பை நடத்தி, 1994 இடைத்தேர்தலில் சிட்னியின் வாரிங்கா தொகுதியில் வென்று உள்ளே வந்தவர். கருக்கலைப்பு, ஒருபால் திருமணம், கார்பன் வரி என எதிலும் பழமைவாதப் பக்கம் நின்றவர்.

2009 டிசம்பரில், கட்சி எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது, கார்பன் வெளியேற்ற வணிகத் திட்டத்தை (கார்பன் வெளியேற்றும் உரிமத்தை நிறுவனங்கள் வாங்கி விற்கும் ஏற்பாடு) ஆதரித்த அப்போதைய தலைவர் மால்கம் டர்ன்புல்லுக்கு எதிராகக் கட்சிக்குள் கலகம் வெடித்தது. அபாட் 42-41 என்று ஒரே வாக்கில் தலைவரானார். ஒரு சீட்டு செல்லாதது. அகதிகள் வரும் ‘படகுகளை நிறுத்துவோம்’ என்ற முழக்கத்தோடு 2013இல் பிரதமரானார். 2014இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 பேரை, பெரும்பாலோர் ஈழத் தமிழர், ஒரு மாதத்துக்கு நெருக்கமாகக் கடலிலேயே கப்பலில் அடைத்து வைத்தது அவருடைய அரசுதான்.

2015 ஜனவரியில் இளவரசர் பிலிப்புக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தது சொந்தக் கட்சிக்காரர்களையே எரிச்சலூட்டியது. பிப்ரவரி 9 அன்று ஸ்பில் தீர்மானம் வந்தது. 61-39 என்று தோற்றது. இதை ‘தலைமைப் போட்டியில் அபாட் வெற்றி’ என்று எழுதினால் தவறு. எதிரில் போட்டியாளரே இல்லை. அந்த 39 பேர் வெறும் நாற்காலிக்கு ஓட்டுப் போட்டவர்கள். செப்டம்பர் 14 அன்று டர்ன்புல் நேரடியாகவே மோதி 54-44 என்று வென்றார். அபாட்டின் பிரதமர் பதவி இரண்டு ஆண்டுக்குள் முடிந்தது. 2019 தேர்தலில் வாரிங்காவும் சுயேச்சை வேட்பாளர் ஜாலி ஸ்டெகாலிடம் போனது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ அவைக்கு உரியது; இது கட்சி அறைக்குள் நடப்பது. ‘தலைமை மாற்றம்’ முடிவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. சட்டசபை கலைப்பு, நிர்வாகக் குழு கலைப்பு என்று நாம் அன்றாடம் எழுதுகிறோம். கலைத்தால் பதவி போகும், அதே ஆள் திரும்பவும் வரலாம். எனவே ‘தலைமைக் கலைப்பு’ என்பதே என் தேர்வு. தீர்மானம் என்றால் ‘தலைமைக் கலைப்புத் தீர்மானம்’. அதன் பிறகு நடக்கும் வாக்கெடுப்பு ‘தலைமைத் தேர்தல்’.

இந்த வேறுபாடு ஏன் தேவை என்பதை 2018 ஆகஸ்ட் 24 காட்டும். அபாட்டுக்குப் பின் பிரதமரான டர்ன்புல்லின் தலைமையைக் கலைக்கும் தீர்மானம் 45-40 என்று நிறைவேறியது. அவர் ஒதுங்கிக்கொள்ள, அடுத்து நடந்த தேர்தலின் இறுதிச் சுற்றில் பீட்டர் டட்டனை ஸ்காட் மாரிசன் வென்றதும் அதே 45-40தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. பிரதமரான மாரிசன் அந்த டிசம்பரிலேயே கட்சி விதியை மாற்றினார்: தேர்தலில் வென்று வந்த லிபரல் பிரதமரின் தலைமையைக் கலைக்க இனி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.