எபிடிடிமிஸ்: இரட்டையர் மேலே ஒரு சுருள்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் மேல்வீட்டு மாமி ஒருநாள் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். சினைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர், அவ்வப்போது ‘ஹெச்.இ.4’ அளவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் விரிவு ‘மனித எபிடிடிமிஸ் புரதம் 4’. எபிடிடிமிஸ் என்பது விந்தகத்தோடு ஒட்டிய ஒரு சுருள் குழாய். “எபிடிடிமிஸ் ஆண்களுக்குத்தானே உண்டு என்கிறாள் என் மகள். தாள் மாறிவிட்டதா?” என்றார். மாறவில்லை.

கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல். ‘டிடிமோஸ்’ என்றால் இரட்டையர். இரண்டாக இருப்பதால் விந்தகங்களுக்குப் பழைய கிரேக்க மருத்துவர்கள் வைத்த பெயர் அது. விவிலியத்தில் தோமாவுக்கு வரும் ‘திதிமு’வும் இதே சொல்தான். நாம் எண்ணிக்கையை விட்டு வடிவத்தைப் பார்த்தவர்கள்: காய் என்றோம், விதை என்றோம். காளைக்குக் காயடிப்பதில் அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது.

விந்தகத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் இவ்வுறுப்பு சுருண்டு கிடக்கும் ஒரே குழாய். நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர். உள்ளே நுழையும் விந்தணுவுக்கு நீந்தும் திறன் இல்லை; குழாயின் தலை, உடல், வால் என்ற மூன்று பகுதிகளையும் கடக்கையில்தான் முதிர்கிறது. அதன் டி.என்.ஏ. இறுகச் சுருட்டப்பட்டிருப்பதால் தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே செய்துகொள்ள முடியாது. குழாயின் சுவர் செய்து ஊட்டுகிறது. சுவரின் செல்கள் அனைத்திலும் மரபணுத் தொகுப்பு ஒன்றுதான். ஆனால் தலையில் ஓங்கி இயங்கும் மரபணு வாலில் அடங்கியிருக்கலாம். நுண்ணுயிர்களைத் தடுக்கும் டிஃபென்சின் மரபணுக்கள் பலவும் இப்படி இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. இதைத்தான் ‘பகுதிசார் மரபணு வெளிப்பாடு’ என்கிறார்கள்.

மாமியின் கேள்விக்கும் இதுவே பதில். ஹெச்.இ.4 மரபணு பெண்களுக்கும் உண்டு. 1991இல் எபிடிடிமிஸில் முதலில் கண்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூச்சுப்பாதையிலும் பெண் இனப்பெருக்கப் பாதையிலும் கூட அது இயங்குகிறது. சினைப்பைப் புற்றுச் செல்கள் பலவற்றில் மிகுதியாக இயங்குகிறது.

எபிடிடிமிஸைத் தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கை வழக்கில் ‘விதைமேற்றிணிவு’ உண்டு. ‘எபி’யை ‘மேல்’ அழகாகப் பிடிக்கிறது. ‘திணிவு’ என்றதும் ஏதோ சதைக்கட்டி என்று தோன்றுவதுதான் குறை. குழாய் என்பதும் சுருள் என்பதும் தெரியவேண்டும். ஆகவே என் தேர்வு ‘விந்தக மேற்சுருள் நாளம்’. அன்றாடப் பேச்சுக்கு ‘மேற்சுருள்’ போதும். ஹெச்.இ.4ஐ மட்டும் அப்படியே விட்டுவிடலாம். தாளில் பெயர் மாறினால் மாமி மறுபடி மாடியிறங்கி வருவார்.