மாமியாரின் கண் மருந்தும் மூன்று வயது பக் நாயும்

அந்தப் பக் நாயைத் தோளில் போட்டு என் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். வலது கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தது; கன்னத்து மயிர் கண்ணீரில் ஊறி ஒட்டிப்போயிருந்தது. “நான்கு நாளாக மருந்து விடுகிறோம் டாக்டர். முதல் நாள் சிவப்பு குறைந்தது, அப்புறம் மோசமாகிவிட்டது” என்றார் வீட்டம்மா. என்ன மருந்து என்று கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு குப்பியை நீட்டினார். மாமியாரின் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுத்ததில் மீந்தது. லேபிளைப் படித்ததும் திக்கென்றது: ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு.

ஃப்ளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, நீல விளக்கில் பார்த்தேன். கருவிழியின் நடுவே மிளகளவுக்குப் பச்சையாக ஒளிர்ந்தது. புண். வீட்டுப் பூனையின் நகம் பட்ட கீறலாகத்தான் தொடங்கியிருக்கும். மேலோட்டமான கீறல் முறையாகப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கி நம்மை ஏமாற்றும். அடியில் புண்ணை ஆறவிடாது, கிருமிக்கும் வழிவிடும். முற்றினால் கருவிழி கூழாகக் கரைந்து ஓட்டை விழும். இந்தப் பக்கின் கண் தப்பியது, ஒரு வெள்ளைத் தழும்போடு.

டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் அந்தக் குப்பியை நாயின் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எல்லாம் விட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை, அக்கறையில் செய்ததுதானே.

கண் வலித்தால் நாய் பெரும்பாலும் கத்தாது. பாயில் முகத்தைத் தேய்க்கும், வெளிச்சத்துக்குக் கூசும், சுருண்டு படுத்தே கிடக்கும். கண்ணைத் திறக்க மறுத்தால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். அதுவரை, மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரால் கழுவலாம். சொறியாதபடி கழுத்தில் கூம்பு மாட்டலாம். அவ்வளவே.

வயதான நாயின் கண்மணி நீலம் பாரித்தால் எல்லாமே புரை அல்ல. ஏழெட்டு வயதுக்கு மேல் லென்ஸ் இறுகி அப்படித் தெரியும். பார்வை பெரிதாகக் கெடாது. கண்ணுக்குள்ளே ரத்தம் தேங்கியிருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் நினைப்பேன், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். கண் ஓரத்தில் சிவப்பு உருண்டை துருத்தினால் வெட்டி எறியச் சொல்லாதீர்கள். அது கண்ணீர்ச் சுரப்பி. உள்ளே வைத்துத் தைப்பதே முறை. வெட்டினால் பின்னாளில் கண் வறண்டுபோகலாம்.

பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களை வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. இவற்றின் கண்குழி ஆழமில்லாதது. பெரிய நாய் கவ்வினாலோ, பிடரியை இறுக்கிப் பிடித்தாலோகூட விழி வெளியே பிதுங்கிவிடும். உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே கிளம்புங்கள். வண்டியிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்துவிட்டால், நீங்கள் வந்து சேருவதற்குள் மயக்க மருந்தும் தையல் ஊசியும் மேசைக்கு வந்திருக்கும்.